கேரவன் முகாம் திடலில் அண்டை அயலாரோடு இருப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன், உள்ளேயே ஓட்டுநர் இருக்கை கொண்ட வீட்டு வண்டி, கூடாரம் என்று எதில் தங்கினாலும், முகாம் திடலில் ஒருவருடைய ஓய்வு பக்கத்தில் இருப்பவரின் கையில்தான் இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கேரவனில் பயணம் செய்துவருகிற எனக்கு, புதிதாக வண்டி வாங்கியவர்களிடமிருந்தும், மோசமான அனுபவத்தோடு திரும்பியவர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

விடுமுறைக்காகத்தானே வருகிறோம், அங்கேயும் இத்தனை கட்டுப்பாடுகள் எதற்கு?

கேரவனின் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தாலே இதற்கு விடை கிடைத்துவிடும். பெரும்பாலான கேரவன்களின் சுவர் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தடிமன் உள்ளது. வெளியே மெல்லிய அலுமினியம் அல்லது கண்ணாடியிழைத் தகடு, உள்ளே மெல்லிய பலகை, இரண்டுக்கும் நடுவில் எடையற்ற நுரை. அந்த நுரை வெப்பத்தையும் குளிரையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் ஒலியைத் தடுப்பதற்கு எடை வேண்டும், அது நுரையில் இல்லை. வீட்டில் செங்கல் சுவர் நமக்காகச் செய்துகொண்டிருந்த வேலையைத் திடலில் நாமே செய்ய வேண்டியிருக்கிறது. வீட்டில் இயல்பாக இருக்கிற ஒருவர் திடலுக்கு வந்ததும் தொல்லை தருபவராக மாறிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கெட்ட எண்ணம் அல்ல. தன்னைச் சுற்றிச் சுவர் இருப்பதாக அவர் இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பதுதான்.

பக்கத்து வண்டிக்கும் என் வண்டிக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும்?

பல திடல்களில் பின்பற்றப்படும் அளவு 6 மீட்டர். ஒரு வண்டியின் சுவரிலிருந்து அடுத்த வண்டியின் சுவர் வரை இந்தத் தூரம் அளக்கப்படுகிறது. மரியாதைக்காக மட்டும் வைத்த இடைவெளி என்று இதைப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இதன் முதன்மையான நோக்கம் தீப்பாதுகாப்பு. மெல்லிய பலகையும் நுரையும் திரைச்சீலையும் எரிவாயு உருளையும் சேர்ந்து இருக்கும் ஒரு வண்டி தீப்பிடித்தால் சில நிமிடங்களில் முழுவதுமாக எரிந்துவிடும். அந்த வெப்பம் பக்கத்து வண்டியைப் பற்றாமல் தடுப்பது நடுவில் உள்ள வெற்றிடம் மட்டும்தான்.

ஆகவே, அந்த இடைவெளியில் காரை நிறுத்துவதும், இரண்டாவதாக ஒரு சிறு கூடாரம் அடிப்பதும், விறகையும் நாற்காலிகளையும் குவிப்பதும் "காலியாகத்தானே இருக்கிறது" என்று செய்யக் கூடியவை அல்ல. முன்பந்தல் (வண்டியின் பக்கவாட்டில் கட்டும் துணிப்பந்தல்) போடுவதற்கு முன்னால் பந்தலின் விளிம்பிலிருந்து அடுத்தவரின் பந்தல் வரை எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒருமுறை நடந்து அளந்துவிடுங்கள். திடல் பாதி காலியாக இருக்கும்போது ஏற்கெனவே நிற்கும் ஒரே வண்டியை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்துவதை விதி தடுக்காமல் இருக்கலாம். ஆனாலும் தனிமையைத் தேடி அங்கே வந்திருப்பவரின் அந்த நாளை அது கெடுத்துவிடுகிறது. இடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றால், சற்றுத் தள்ளியே தேர்ந்தெடுக்கலாம்.

குழாய்க்கோ கழிவறைக்கோ போகும்போது மற்றவர் இடத்தின் குறுக்கே நடக்கலாமா?

கூடாது. வேலியோ கோடோ இல்லாவிட்டாலும், ஒதுக்கப்பட்ட இடம் அன்றைக்கு அவர்களுடைய வீட்டு முற்றம். பத்தடி சுற்றினாலும் பாதையிலேயே போக வேண்டும். இருட்டில் குறுக்கே நடப்பவர்கள் பந்தலை இழுத்துக் கட்டியிருக்கும் இழுகயிற்றில் தடுக்கி விழுவதும் அடிக்கடி நடக்கிறது. குழந்தைகளுக்கு இதை வந்து சேர்ந்த அன்றே சொல்லிவிடுவது நல்லது.

இரவில் அமைதி காக்க வேண்டிய நேரம் எது? மெதுவாகப் பேசினாலும் தவறா?

திடலுக்குத் திடல் சிறிது மாறினாலும், இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை என்பது பரவலான வழக்கம். இதற்கு ஓர் இயற்கைக் காரணமும் உண்டு. தெளிவான, காற்றில்லாத இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலே உள்ள காற்று சற்று வெப்பமாகவே இருக்கிறது. இந்த நிலையில் மேலே போய்க் கரைந்துவிட வேண்டிய ஒலி வளைந்து மீண்டும் தரையை நோக்கி வருகிறது. போதாக்குறைக்குப் பகலில் ஒலிகளை மறைத்துக்கொண்டிருந்த பின்னணி இரைச்சலும் இரவில் அடங்கிவிடுகிறது. மாலை 5 மணிக்கு யார் காதிலும் விழாத அதே பேச்சு, இரவு 11 மணிக்கு நான்கு வண்டிகளுக்கு அப்பாலும் சொல் சொல்லாகக் கேட்பது இதனால்தான். மெதுவாகப் பேசுவது தவறில்லை. ஆனால் மெதுவாகப் பேசுகிறோம் என்று நாம் நினைப்பதும், கேட்பவர் காதில் விழுவதும் ஒன்றல்ல. பேச்சு நீளும் என்றால் வெளியிலிருந்து உள்ளே போய்விடுவது நல்லது.

பாட்டுக்கும் இது பொருந்தும், அதுவும் கூடுதலாகவே. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலியளவு ஏறத்தாழ 6 டெசிபல் மட்டுமே குறையும். அப்படி வந்து சேர்வதில் தாழ்ந்த சுருதியில் அதிரும் ஒலிகளை மெல்லிய சுவர் ஏறக்குறைய அப்படியே உள்ளே விட்டுவிடும். பாட்டின் சொற்கள் கேட்காமல் அதிர்வு மட்டும் இரவெல்லாம் தலையணை வழியாக வருவது எவ்வளவு பெரிய துன்பம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

பேச்சும் பாட்டும் போக, யாரும் கவனிக்காத சில ஒலிகள் இருக்கின்றன. பக்கவாட்டில் இழுத்து மூடும் கதவு, காரைப் பூட்டும்போது எழும் "பீப்" ஒலி, குழாயைத் திறந்தவுடன் உறுமும் நீர் பம்பு, பந்தலின் முளையைச் சுத்தியால் அடிப்பது, வெளியே தொங்கவிட்ட காற்றுமணி ஆகியவை ஒவ்வொன்றும் சில நொடிகள்தான் ஒலிக்கும். ஆனாலும் தூக்கம் கலைவதற்கு அந்தச் சில நொடிகள் போதும். தாமதமாக வந்து சேர நேர்ந்தால், அன்றிரவு பந்தலை விட்டுவிடுங்கள். வண்டியைக் கிடையாக நிறுத்தி, விளக்கை அணைத்துத் தூங்கிவிட்டு, மற்றவற்றைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெனரேட்டர் பயன்படுத்தலாமா?

திடல் மின் இணைப்பு தருகிறது என்றால், பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மின் இணைப்பு இல்லாத இடங்களில், திடலின் விதி இடம் கொடுத்தால், பகலின் நடுவில் ஓரிரு மணி நேரம் ஓட்டி மின்கலத்தை நிரப்பிக்கொண்டு நிறுத்திவிடலாம். சாப்பிடும் நேரமும் அந்தி நேரமும் ஏற்றவை அல்ல. எல்லோரும் வெளியே வந்து உட்காரும் பொழுதுகள் அவை.

ஜெனரேட்டரை வாங்கும்போது அதன் ஒலியளவு எந்தத் தூரத்தில் அளக்கப்பட்டது என்று பாருங்கள். பல நிறுவனங்கள் 7 மீட்டர் தூரத்தில் அளந்து சொல்கின்றன. அது பக்கத்து வண்டியின் படுக்கை இருக்கிற தூரம்தான். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் விதிப்படி 50 அடி, அதாவது ஏறத்தாழ 15 மீட்டர் தூரத்தில் 60 டெசிபலை மீறக் கூடாது. சுமைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை இயந்திரங்களால் இந்த எல்லைக்குள் நிற்க முடியும்; கட்டடப் பணிக்காகச் செய்யப்பட்ட மலிவான இயந்திரங்களில் பலவற்றால் முடியாது.

ஒலியைவிட முக்கியமானது புகை. தன் பந்தலுக்குள் புகை வரக் கூடாது என்று ஜெனரேட்டரை வண்டியின் பின்பக்கம், அதாவது பக்கத்து வண்டியின் சன்னலுக்கு நேரே வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழாமலே போய்விடலாம். இதைச் சிறு அசௌகரியம் என்று எண்ணி யாரும் பொறுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நிமிடமே போய்ச் சொல்லி, இயந்திரத்தை நிறுத்தச் செய்யுங்கள். கூரையில் ஒரு சூரியத் தகடும் போதுமான மின்கலமும் இருந்தால், விளக்கு, பம்பு, கைப்பேசி ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஜெனரேட்டரே தேவைப்படாது.

கழிவறைத் தொட்டியை எங்கே, எப்படிக் காலி செய்வது?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கேரவனின் கழட்டி எடுக்கும் கழிவறைத் தொட்டி பெரும்பாலும் 17 முதல் 20 லிட்டர் வரை கொள்ளும். அதைக் காலி செய்வதற்கென்று திடலில் ஒதுக்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் ஊற்றக் கூடாது. புதர், மழைநீர் வடிகால், ஓடை, பாத்திரம் கழுவும் தொட்டி ஆகிய எல்லா இடங்களிலும் மக்கள் ஊற்றியிருக்கிறார்கள். திடலின் பொதுக் கழிவறையில் ஊற்றுவதுகூட, அனுமதி இல்லாதபோது, அடுத்து உள்ளே போகிறவருக்குத் தெறிப்புகளை விட்டுவைப்பதாகும்.

தொட்டியில் கலக்கும் திரவத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். பழைய வகைத் திரவங்கள் பலவற்றில் பார்மால்டிஹைடு அல்லது அதைப் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் இருக்கின்றன. ஊர்க் கழிவுநீர்க் குழாயோடு இணையாத திடல்களில் கழிவுநீர் செப்டிக் டேங்குக்குத்தான் போகிறது. அங்கே கழிவைச் சிதைப்பவை பாக்டீரியாக்கள். கொல்லி மருந்து அவற்றைக் கொன்றுவிட்டால், தொட்டி வேலை செய்வதை நிறுத்தி, நாற்றமும் அடைப்பும் உண்டாகும். அதன் விளைவை அந்தத் திடலுக்கு உங்களுக்குப் பின் வருகிறவர்கள் அனுபவிப்பார்கள். செப்டிக் டேங்குக்குப் பொருந்தும் என்று குறிப்பிட்ட திரவத்தை வாங்குவதும், புட்டியில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றாமல் இருப்பதும் போதும்.

காலி செய்யும் இடத்துக்குத் தொட்டியை மூடியோடு எடுத்துச் செல்லுங்கள். ஊற்றிய பிறகு அங்கே அதற்கென்று வைத்துள்ள குழாயால் தொட்டியை அலசி, கீழே சிந்தியதையும் கழுவிவிட்டு, கையைச் சோப்பால் கழுவிக்கொள்ளுங்கள். சிந்தியதை அப்படியே விட்டுப் போவதற்கு மறதியும் அவசரமும் சாக்கு ஆகாது. மற்ற தவறுகளில் பலவற்றை அறியாமை என்று என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. தன் கழிவை இன்னொருவர் துடைக்கட்டும் என்று விட்டுப் போவதை அப்படிப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

குடிநீர்க் குழாயில் அந்தத் தொட்டியை அலசினால் என்ன? தண்ணீர் தண்ணீர்தானே?

குழாயின் வாய் தொட்டியில் ஒருமுறை பட்டுவிட்டால், அடுத்து அதே குழாயில் தன் குடத்தையோ புட்டியையோ வைப்பவருக்கு வயிற்றுப்போக்குக் கிருமிகள் போய்ச் சேரும். அலசும் குழாயையும் குடிநீர்க் குழாயையும் தனித்தனியே வைத்திருப்பது இதற்காகத்தான். நீங்கள் கொண்டுவரும் ரப்பர் குழாய்களிலும் இந்தப் பிரிவு இருக்கட்டும். குடிநீருக்கு ஒன்று, மற்றவற்றுக்கு வேறு நிறத்தில் இன்னொன்று.

பாத்திரம் கழுவிய நீரைப் புல்லில் விடலாமா?

வண்டிக்கு அடியில் ஒரு வாளியோ சக்கரத் தொட்டியோ வைத்துச் சேர்த்து, அதற்குரிய வடிகாலில் ஊற்றுவதே முறை. கழுவுநீரில் எண்ணெய்ப் பசையும் உணவுத் துணுக்கும் இருக்கும். இரண்டு நாளில் அந்த இடம் சேறாகி, ஈயும் எலியும் வரும். வடிகாலே இல்லாத காட்டுப்புற முகாம்களில் நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, துணுக்குகளை வடிகட்டி எடுத்துவிட்டு, பரவலாகத் தெளிக்க வேண்டும். மக்கும் சோப்பு என்று அச்சிட்டிருந்தாலும் அதை ஓடையில் கலக்கக் கூடாது. அது மக்குவதற்கு மண் வேண்டும்.

மின் இணைப்பில் என்ன மரியாதை இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. 230 வோல்ட் மின்சாரத்தில் 10 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தம் 2,300 வாட் மட்டுமே கிடைக்கும். 2,000 வாட் மின் கெட்டிலும் 1,500 வாட் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் இணைப்பு துண்டிக்கப்படும். சில பழைய திடல்களில் உங்கள் இணைப்பு மட்டுமல்லாமல், அதே மின் இணைப்புக் கம்பத்தைப் பகிர்ந்துகொள்ளும் நான்கு வண்டிகளின் மின்சாரமும் சேர்ந்து போகலாம்.

இதைவிடக் கடுமையான தவறு ஒன்று உண்டு. கம்பத்தில் இடம் இல்லையென்று அடுத்தவரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகுவது. வண்டியில் ஆள் இல்லை என்பதால் மின்சாரம் தேவையில்லை என்று ஆகிவிடாது. குளிர்பெட்டியில் உணவு இருக்கலாம். குளிரில் வைத்திருக்க வேண்டிய இன்சுலின் இருக்கலாம். உள்ளே மூச்சுக்கருவியின் துணையோடு ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கலாம். யாருடைய கம்பியையும் அவர்களைக் கேட்காமல் தொடவே கூடாது. இடம் இல்லை என்றால் திடல் மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும்.

வெளி விளக்கை இரவெல்லாம் எரியவிட்டால் பாதுகாப்புத்தானே?

உங்கள் வாசல் விளக்கு பக்கத்து வண்டியின் சன்னல் திரைக்குள் நேராகப் பாய்கிறது. படுக்கப் போகும்போது அதை அணைத்துவிட்டு, நடக்கும்போது கைவிளக்கைத் தரையை நோக்கிப் பிடியுங்கள். வானத்து நட்சத்திரங்களைப் பார்க்கவே நெடுந்தூரம் வந்தவர்களும் அங்கே இருப்பார்கள்.

நெருப்பு மூட்டும்போது கவனிக்க வேண்டியவை எவை?

அனுமதி உண்டா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். அனுமதி இருந்தால், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, யாருடைய சன்னலுக்கும் துணிக்கொடிக்கும் புகை போகாத இடத்தில் மூட்ட வேண்டும். ஈர விறகும் குப்பையும் கூடாது. கரி அடுப்பைப் புல்லின் மேல் நேரடியாக வைத்தால் புல் கருகி, பல வாரங்கள் அந்தத் தழும்பு இருக்கும். கற்களின் மேல் உயர்த்தி வையுங்கள். மழை வந்துவிட்டது என்று எரியும் அடுப்பைப் பந்தலுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ இழுத்துக்கொள்வதால் கார்பன் மோனாக்சைடு நச்சேறி உயிர்கள் போயிருக்கின்றன. அணைந்ததுபோலத் தோன்றும் கரியிலும் அந்த வாயு வந்துகொண்டே இருக்கும். சாம்பல் பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும் என்பதால், நீர் ஊற்றிக் கிளறி, தொட்டுப் பார்க்கக் கூடிய அளவுக்குக் குளிர்ந்த பிறகே கொட்ட வேண்டும்.

என் நாய் குரைப்பதே இல்லை. இருந்தும் பக்கத்தில் இருப்பவர் குறை சொல்கிறார். ஏன்?

நீங்கள் இருக்கும்போது அது குரைப்பதில்லை. பழக்கமில்லாத இடத்தில், மெல்லிய சுவருக்குள் தனியே விடப்பட்ட நாய் நீங்கள் போன பிறகு குரைக்கிறது. நீங்கள் திரும்பி வரும் ஓசை கேட்டதும் நிறுத்திவிடுகிறது. ஆகவே அதை அறியாத ஒரே ஆள் நீங்கள்தான். குறை சொன்னவரை நம்புங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு ஒருமுறை வெளியே போய் வந்தாலும் தெரிந்துவிடும். வெயில் நாளில் மூடிய வண்டிக்குள் நாயை விட்டுப் போவது அதன் உயிருக்கே ஆபத்து என்பதால், கூடவே அழைத்துச் செல்வதுதான் இரண்டுக்கும் தீர்வு. திடலுக்குள் எப்போதும் குட்டையான கயிற்றில் பிடித்திருங்கள். நாயைக் கண்டு அஞ்சுகிறவருக்கு "ஒன்றும் செய்யாது" என்ற சொல் ஆறுதல் தராது.

குழந்தைகள் சத்தமிட்டு விளையாடுவது தொல்லையா?

பகலில் இல்லை. அதைத் தொல்லையாகக் கருதுகிறவர்களுக்குப் பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய திடல்கள் பல நாடுகளில் இருக்கின்றன. பந்து மற்றவர் வண்டியில் படாமலும், இருட்டிய பின் விளக்கில்லாத சைக்கிளில் சுற்றாமலும் பார்த்துக்கொண்டால் போதும். இதில் பெரியவர்களின் பங்கே அதிகம்: திடலுக்குள் வண்டி ஓட்டும் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு கேரவன்களுக்கு நடுவிலிருந்து ஓடிவரும் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்கு முன்கூட்டித் தெரியாது.

தொல்லை தருகிறவரிடம் எப்படிச் சொல்வது? சண்டையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

சீக்கிரமாகவும், பகலிலும், ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்லுங்கள். மூன்று இரவுகள் பொறுத்திருந்து நான்காம் நாள் போய் நின்றால், பேச வேண்டியதை விட்டுவிட்டுச் சேர்த்துவைத்த கோபம்தான் பேசும். "உங்களுக்கு அறிவில்லையா" என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. "ஜெனரேட்டரின் புகை எங்கள் சன்னலுக்குள் வருகிறது, சற்றுத் திருப்பி வைக்க முடியுமா" என்பதற்கு எவராலும் எழுந்து வந்து ஏதாவது செய்ய முடியும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது தவறு செய்தவன் என்ற முறையில். ஆரம்ப காலத்தில் ஒரு முறை, எங்கள் பந்தலின் இழுகயிறு தளர்ந்து, துணி இரவு முழுவதும் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் களைப்பில் நன்றாகத் தூங்கிவிட்டோம். பக்கத்து வண்டியில் இருந்த முதியவர் தூங்கவில்லை. காலையில் வந்த அவர், "தம்பி, உங்கள் பந்தல் கயிறு தளர்ந்திருக்கிறது. என்னிடம் நல்ல ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது, சேர்த்துக் கட்டட்டுமா?" என்று கேட்டார். இரவில் தூங்கவில்லை என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். அதற்குப் பிறகு எந்த ஊரில் தங்கினாலும் படுக்கும் முன் எல்லாக் கயிறுகளையும் இழுத்துப் பார்க்காமல் நான் உள்ளே போவதில்லை.

ஒருமுறை சொல்லியும் மாறவில்லை என்றால், இரண்டாம் முறை நீங்கள் போக வேண்டாம். திடல் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். குடித்திருப்பவரிடமும், கூட்டமாக இருப்பவர்களிடமும் முதல் முறையே அவர் வழியாகப் போவதே நல்லது. பதிலுக்குப் பாட்டை ஏற்றி வைப்பதும் விடியற்காலையில் கதவை ஓங்கி அடிப்பதும் தவறு செய்தவரைவிட அவரைச் சுற்றியிருக்கும் பத்துப் பேரையே தண்டிக்கும். மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு வார்த்தை: விதிப்பலகையை வாயிலில் நட்டுவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால், விதியை மதிக்கிறவர்கள் மட்டுமே இழப்பவர்களாக ஆகிறார்கள். இரவு 10 மணிக்கு ஒருமுறை திடலைச் சுற்றி நடந்து வந்தாலே பாதிக் குறைகள் எழாமல் போகும்.

விடியற்காலையில் கிளம்ப வேண்டியிருக்கிறது. யாரையும் எழுப்பாமல் போவது எப்படி?

முந்தைய நாள் மாலையே பந்தலைக் கழற்றி, தொட்டிகளைக் காலி செய்து, முடிந்தால் காரோடு கேரவனை இணைத்து வைத்துவிடுங்கள். காலையில் மின்கம்பியைச் சுருட்டுவதும் வண்டி ஆடாமல் இருக்க அதன் மூலைகளில் இறக்கிவைத்த தாங்குகால்களை ஏற்றுவதும் மட்டும் மிஞ்சட்டும். தாங்குகாலை மின்துரப்பணத்தால் ஏற்றாமல், அன்றைக்கு மட்டும் கையால் சுழற்றுங்கள். எஞ்சினை முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கத் தேவையில்லை. எல்லோரும் ஏறிக் கதவுகளை மெதுவாக மூடிய பிறகு இயக்கினால் போதும். புறப்படுவதற்கு முன் கைவிளக்கோடு நீங்கள் இருந்த இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக ஒருமுறை நடந்து பாருங்கள். புல்லுக்குள் மறைந்து நிற்கும் ஒரு முளை அடுத்து வருகிறவரின் டயரிலோ, வெறுங்காலோடு ஓடும் ஒரு குழந்தையின் பாதத்திலோ ஏறிவிடும். எத்தனை முளைகள் அடித்தீர்களோ அத்தனையும் பையில் இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டு வண்டியை எடுங்கள்.